அறுபட்ட முனை

பனிக்கட்டியில் வெட்டிய துளைகள் வழியே ஆண்கள் கொக்கிகளை இறக்கி ஆற்றடியைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அகாஃபியா மட்டும் கரையில் கிடந்த நிக்கிஃபரின் சறுக்குவண்டியருகே நின்றாள். அவள் தம்பி வசீலி பனி உடைந்து ஆற்றுக்குள் விழுந்தபோது கூட இருந்தவன் நிக்கிஃபர் ஒருவன்தான்.

வண்டியிலிருந்த நீலக்கயிற்றை எடுத்துப் பார்த்தாள். முனை பிரிந்திருக்கவில்லை. கத்தி வைத்தது போல் நேராக அறுபட்டிருந்தது.

"கயிறு வீசினேன், அவன் கை நழுவிடுச்சுன்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"நழுவினா முனை ஏன்டா இப்படி இருக்கு?"

"பழைய கயிறு. விடுங்கக்கா."

"பழசா? இப்பத்தான் வசீலிக்கு நான் வாங்கிக் குடுத்தேன்."

நிக்கிஃபர் துளைப்பக்கம் போய்விட்டான்.

ஆறு இப்போதுதான் உறைய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்று அவள் சொல்லியிருந்தாள். "நான் நடந்து பாத்துட்டேன், தாங்கும்" என்று வசீலியைக் கிளப்பிக்கொண்டு போனவன் நிக்கிஃபர்தான். கோடையில் வலை போடும் இடத்துக்காக இருவரும் கைகலந்ததையும் அவள் மறக்கவில்லை.

"மாட்டிக்கிச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

வசீலியை மேலே இழுத்தபோது இடுப்பில் அதே நீலக்கயிறு முடிச்சிட்டிருந்தது. நழுவ வழியே இல்லை. அவள் வாய் திறப்பதற்குள் நிக்கிஃபர் அவசரமாகக் கம்பளியை இழுத்து மூடினான்.

வீட்டில் அடுப்பருகே கிடத்தி உடம்பைக் கழுவினாள். வலக்கை மட்டும் இறுக மூடியிருந்தது. வெந்நீர்த்துணி சுற்றி வைத்து, மெல்ல ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். உள்ளே வசீலி மீன் அறுக்கும் குட்டைக்கத்தி இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். நிக்கிஃபர் சவப்பெட்டிக்குப் பலகை அறுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா சொல்லலே?"

அவன் ரம்பத்தை நிறுத்தினான். "இழுக்க இழுக்க நானும் விளிம்புக்கே வழுக்கிட்டுப் போயிட்டேன்க்கா. கயித்தை விட்டுடுடான்னு வசீலி கத்தினான். நான் விடலை. கயித்தைத் தானா அறுத்துக்கிட்டான்னு தெரிஞ்சா, தற்கொலைன்னு பாதிரியார் கோயிலுக்குள்ள எடுக்க மாட்டாரோன்னு..."

அவன் மறுபடி அறுக்கத் தொடங்கினான். பலகை ஆடியது. அவள் போய் அதன் மறுமுனையில் உட்கார்ந்து, ஆடாமல் பிடித்துக்கொண்டாள்.