மரியா என்று ஒருத்தி

கொர்னேலிஸ் நடத்திய படிப்புச் செயலிக்கு ஒரு பெருமை உண்டு. சிக்னல் ஒற்றைக் கோடு காட்டினாலே பாடம் ஓடும். மாதக் கட்டணம் தெருக்கடையில் ஒரு கிண்ணம் பக்ஸோ சூப் விலைதான். எடை குறைய வேண்டுமென்று படங்களை எடுத்தான், நிறங்களை எடுத்தான், கடைசியில் பதிவுப் பக்கத்தில் இரண்டாம் பெயருக்கான கட்டத்தையும் எடுத்துவிட்டான். ஜகார்த்தாவில் முதல் போட்டவர்கள் கை தட்டினார்கள்.

அவன் இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் பிறந்தவன். மரியா என்றே ஞானஸ்நானம் பெற்ற மூன்று அக்காக்களோடு வளர்ந்தவன். அந்தத் தீவில் பெண்பிள்ளைகள் பாதிக்குமேல் மரியாதான்; இன்னாரென்று பிரித்துச் சொல்வது இரண்டாம் பெயர். அவனுக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? அவனையே கேட்டால் செருப்பால் அடிக்கச் சொல்வான்.

மேல்நிலைப் படிப்பை முழுக்க இலவசமாகத் தரும் தேர்வை ஜகார்த்தாக்காரர்கள் அந்தச் செயலியில் வைத்தார்கள். மலைமேல் ஒரு கிராமத்தில் இருந்ததே ஒரு போன், மளிகைக்கடை யுலியானாவுடையது. ஊர்ப் பெண்கள் தேவாலயப் படிக்கட்டில் உட்கார்ந்து முறை வைத்து எழுதினார்கள். எல்லோரும் மரியா. ஒருத்தியே திரும்பத் திரும்ப எழுதி ஏமாற்றுகிறாள் என்று செயலி முடிவு கட்டி, முதல் தாளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் கொர்னேலிஸ் ஜகார்த்தாவோடு மல்லுக்கட்டினான். அங்கிருந்து வந்த பதில் இதுதான்:

"லிஸ்ட் போட்டாச்சு சார். ஒண்ண மாத்தினா நாளைக்கு ஊரே வந்து நிக்கும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

வேறு வழியில்லாமல் மலையேறினான். யுலியானா காப்பி கொடுத்தாள். அந்த மரியாதையே அவனுக்குச் சுட்டது.

"மொதத் தாளாவது நிக்குதேக்கா. அது எந்தப் பிள்ளையோடது?"

"என்னோடது தம்பி. போன் ஓடுதான்னு பாக்க நாலு கேள்விக்கு அமுக்கிப் பாத்தேன். நானும் மரியாதானே. நாலாங்கிளாஸோட நின்னவ. மூணு மார்க்காம். 'மனம் தளராதே மரியா'ன்னு லெட்டர் வேற போட்டிருக்கீங்க."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

உள்ளே அவள் மகள் யசிந்தா பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினாறு வயது. தள்ளப்பட்ட தாள்களை அவனே உட்கார்ந்து திருத்திப் பார்த்திருந்தான். அவளுடையதுதான் மாகாணத்திலேயே முதல்.

"ரெண்டாம் பேருக்கு இப்ப எடம் வச்சிட்டேம்மா. அடுத்த வருஷம் எழுது. நீ கண்டிப்பா ஜெயிப்ப."

"அடுத்த வருஷம் மலேசியாவுல இருப்பேன் மாமா. வீட்டு வேலைக்கு. திங்கக்கிழமை கப்பல்."

"பதினாறு வயசுல எப்படிம்மா விடுவாங்க?"

யசிந்தா ஒரு சட்டையை மடித்துப் பையில் வைத்தாள்.

"வயச அஞ்சு கூட்டிப் போட்டுட்டாரு ஏஜென்ட்டு. ஆனா பேர மட்டும் முழுசாக் கேட்டு, ஒரு எழுத்து விடாம எழுதிக்கிட்டாரு."