பக்தாவின் காதில் விழுந்தது

பேனரில் பக்தவச்சலத்துக்கு நான்கு பட்டங்கள் போட்டிருந்தார்கள். அன்புக் கணவர், பாசமிகு தந்தை, முன்னாள் கால்பந்து வீரர், நல்ல மனிதர். நாலும் உண்மைதான். மூன்றாவதைப் படித்ததும் ஹபீபுல்லா பார்வையைத் திருப்பிக்கொண்டார். படத்திறப்பு சாயந்திரம் ஐந்து மணிக்கு. மனுஷன் காலை பத்து மணிக்கே ராயபுரத்திலிருந்து விம்கோ நகருக்கு வந்து இறங்கிவிட்டார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

பக்தா போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழுந்திருக்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு. அவனும் ஹபீபுல்லாவும் ஒரே டீமில் ஏழு வருஷம் ஆடினவர்கள். ஹபீபுல்லா கோல்கீப்பர். பக்தா அவருக்கு முன்னால் நிற்கிற ஸ்டாப்பர். அவன் நின்றால் பின்னால் கோல்கீப்பர் பீடி பிடிக்கலாம் என்று அந்தக் காலத்தில் கிண்டல் பண்ணுவார்கள். அப்படி ஒரு ஆட்டக்காரன், வியாசர்பாடியில் பந்தோடு பிறந்தவன், கடைசியில் எந்தப் பெயரோடு செத்தான் தெரியுமா? சேம் சைடு பக்தா!

அதைத்தான் மகள் செங்கொடி ஆரம்பித்தாள். முப்பத்தொரு வயது, மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் வேலை. டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"மாமா, இன்னிக்கு மைக்ல நீ அந்த மேட்ச பத்திப் பேசணும்."

"அது இன்னாத்துக்கு கண்ணு இப்போ?"

"இன்னாத்துக்கா? போன வாரம் கவுண்டர்ல குந்திகினு கீறேன். ஒரு பெருசு வந்து, 'நீ சேம் சைடு பக்தா பொண்ணுதான'ன்னு சிரிக்குது. செத்து ஒரு மாசம் ஆவல மாமா. நீதான அவரு பின்னாடி நின்ன? எங்கப்பா காசு வாங்கிகினு கோல் போட்டுக்கல, அது இப்டித்தான் ஆச்சுன்னு நீ ஒரு வார்த்த சொன்னா போதும். நீ சொன்னா ஊரு நம்பும்."

ஹபீபுல்லா டீயைப் பார்த்தார். "பேசறேன்" என்றார். சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அது இப்படித்தான் ஆச்சு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

தொண்ணூற்று நாலில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆடினார்கள். கம்பெனி பெயர் எதற்கு, இப்போது அது இல்லவும் இல்லை. ஃபைனலில் ஜெயித்தால் ஆட்டக்காரர்களுக்கு வேலை நிரந்தரம் என்று பேச்சு. கோல் இல்லாமல் ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தது, இன்னும் பத்து நிமிஷம் பாக்கி. வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. பக்தா அடிப்பதற்குக் காலைத் தூக்கிவிட்டான். ஹபீபுல்லா "வுடு, வுடு" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினார். கோல்கீப்பர் அப்படிக் கத்தினால், நீ தொடாதே, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பக்தா சட்டென்று நின்றான். ஹபீபுல்லாவுக்கோ கால் வழுக்கிவிட்டது. பந்து பக்தாவின் முழங்காலில் பட்டு, மெதுவாக, பெற்றவள் வீட்டுக்குப் போகிற மாதிரி உருண்டு வலைக்குள் போனது. தன் வலையில் தானே கோல். சேம் சைடு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பக்தா தலையில் கை வைக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. பாக்கி ஆட்டத்தைப் போட்டுவிட்டு, கோட்டைத் தாண்டி, ஜெர்சியோடு கிரவுண்டை விட்டே ஓடினான். காசு வாங்கினவன்தான் இப்படி ஓடுவான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள். வெட்கத்தில் ஓடுகிறான் என்று ஹபீபுல்லா நினைத்துக்கொண்டார்.

மேனேஜர் வந்து கேட்டார். "கூப்பிட்டியா ஹபீப்? குரல் கொடுத்தியா?"

ஒரே ஒரு நொடி. வீட்டில் வாப்பாவுக்குக் கண் தெரியாது, இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். "இல்ல சார், நான் கத்தவே இல்ல" என்று சொல்லிவிட்டார். பாவி! வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு அருவருப்பாக இருக்கும். தோற்ற டீமிலும் நாலு பேருக்கு வேலை கிடைத்தது. ஹபீபுல்லா அதில் ஒருவர். பக்தாவைத் துரத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை டீக்கடையில் பக்தா அவரைப் பிடித்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "டேய் ஹபீபு, நேத்து நீ எதுனா கத்தினியா?"

"இல்லியே."

"நெசமா?"

"உம்மா மேல சத்தியமாடா."

பக்தா சுண்டுவிரலைக் காதில் விட்டு ஆட்டினான். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அந்தப் பார்வையை வைத்துத்தான் ஹபீபுல்லா தனக்கு ஒரு சமாதானம் கட்டிக்கொண்டார். அவனுக்குத் தெரியும், தெரிந்தே என்னைக் காட்டிக் கொடுக்காமல் விட்டுவிட்டான், மனசு அப்படி. இந்த நினைப்பு இல்லையென்றால் அவர் எப்போதோ பைத்தியம் பிடித்து அலைந்திருப்பார். பெருநாளைக்குப் பிரியாணி முதலில் பக்தா வீட்டுக்குத்தான் போகும். தூக்கு நிறைய அவரே எடுத்துக்கொண்டு போவார்.

பக்தா அதற்குப் பிறகு பந்தைத் தொடவில்லை. இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்கினான். மகளுக்குத் தலை பின்னி விட்டது அவன்தான், ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவிக் குழம்பு வைத்தது அவன்தான், பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் குழாயடியில் குடத்தோடு நின்றதும் அவன்தான். குடிக்க மாட்டான், சீட்டு ஆட மாட்டான், வேலை முடிந்தால் வீடு. குடும்பஸ்தன் என்றால் பக்தா மாதிரி இருக்க வேண்டும் என்று அந்தத் தெருவில் பெண்கள் தங்கள் புருஷன்களைக் குத்திக் காட்டுவார்கள்.

சாயந்திரம் தெருவில் பந்தல் போட்டு அறுபது நாற்காலி. சடங்கு சம்பிரதாயம் ஒன்றும் கிடையாது. படத்துக்குத் திரை, ரோஜா மாலை, ஒரு மைக், அவ்வளவுதான். முன் வரிசையில் பக்தாவின் பெண்டாட்டி சொக்கம்மாள். புருஷன் செத்ததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹபீபுல்லாதான் திரையை விலக்கினார். படத்தில் பக்தா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, யாரோ கூப்பிட்டதைக் கேட்கிற மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

முதலில் பழைய கேப்டன் பொன்னுரங்கம் பேசினார். வாய் கொழுத்த மனுஷர், மைக் கிடைத்தால் விட மாட்டார்.

"பக்தா மாரி ஒரு குடும்பஸ்தன எங்கயும் பாக்க முடியாது. டீ டைம்ல கூட சாத்தாங்காட்லேந்து சைக்கிள எடுத்துகினு வூட்டுக்கு ஓடுவான். இன்னாடான்னா, பொண்டாட்டிய பாத்துட்டு வரேம்பான்! கல்யாணம் ஆயி இருவது வருசம் கழிச்சும்!" கூட்டம் சிரித்தது. பொன்னுரங்கத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்த ஃபைனல்ல கூட பாருங்க, சேம் சைடு போட்ட கையோட நேரா வூட்டுக்குத்தான் ஓடினான்!"

இப்போது பெரிய சிரிப்பு. செங்கொடி எழுந்துவிட்டாள். அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். செங்கொடி உட்கார்ந்தபடியே ஹபீபுல்லாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை அவரை நாற்காலியிலிருந்து கிளப்பியது.

மைக் முன்னால் போய் நின்றார். அவன் நல்லவன், வல்லவன் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அவரைச் சந்தேகிக்க அங்கே யாரும் இல்லை. வாயைத் திறந்தார்.

"அந்த கோலு பக்தா போட்டது இல்ல. நான் போட்டது."

பின் வரிசையில் இரண்டு பேர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்கள்.

"நான்தான் 'வுடு'ன்னு கத்தினேன். என் பேச்ச கேட்டுத்தான் அவன் நின்னான். நான் வழுக்கி வுழுந்துட்டேன். மேனேஜர் கேட்டாரு, கத்தலன்னு பொய் சொன்னேன். அவன் வந்து கேட்டான், அவன்கிட்டயும் கத்தலன்னு சொன்னேன். எங்கம்மா மேல சத்தியம் பண்ணேன். எனக்கு வேல கெடச்சுது, அவனுக்குக் கெட்ட பேரு கெடச்சுது. அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சிகினே சாவற வரைக்கும் என்னக் காட்டிக் குடுக்கல." செங்கொடி பக்கம் திரும்பினார். "என்ன மன்னிச்சிடு செங்கொடி."

செங்கொடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பின் வரிசையில் யாரோ ஒருவன் கை தட்டினான். பிறகு இன்னும் நாலு பேர். "பெரிய மனசு பாய்!" என்று ஒரு குரல். ஹபீபுல்லாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கின மாதிரி இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று கூட ஒரு நிமிஷம் தோன்றியது.

சொக்கம்மாள் எழுந்தாள். "கை தட்டாதீங்கய்யா" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் கைதட்டல் நின்றுவிட்டது.

"அண்ணா, நீ இன்னான்னு கத்தின?"

"வுடுன்னு கத்தினேன்மா."

"இப்டி பேசற மாரி சொல்லாத. கிரவுண்டுல எப்டி கத்தினியோ அப்டி கத்து."

"இன்னாத்துக்குமா..."

"கத்துண்ணா. நான் கேக்கணும்."

ஹபீபுல்லா மைக்கை விட்டு நகர்ந்தார். அறுபதை நெருங்குகிற உடம்பு, ஆனால் கோல்கீப்பர் தொண்டை அப்படியேதான் இருந்தது. மூச்சை இழுத்து, எதிரே பந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினார்.

தொலைவுக்குக் கத்தும்போது எந்தச் சொல்லும் நீளத்தான் செய்யும். அவர் வாயிலிருந்து கிளம்பியது "வுடு"தான். தெருவில் போய் விழுந்தது "வூ...டூ".

எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது. கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். "யாரு வூடு? யார் வூட்டக் கேக்குறீங்க?" என்றாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. சொக்கம்மாள் தலையை ஆட்டினாள், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி.

"இத்தான். இதேதான்" என்றாள். "அன்னிக்கு இவ என் வவுத்துல. நாள் நெருங்கிடுச்சு. 'வலி எடுத்தா ஆள அனுப்பு சொக்கு, கிரவுண்டு ஓரமா நின்னு "வூடு"ன்னு ஒரு கொரல் குடுக்கச் சொல்லு, அப்டியே போட்டுட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுதான் அந்த மனுசன் போனாரு. பந்த அடிக்க கால தூக்கறப்போ 'வூடு வூடு'ன்னு கேட்டுச்சாம். திரும்பிட்டாரு. கோல் ஆனதுகூட அவருக்குத் தெரியாது. ஜெர்சியோட ஓடியாந்து வாசல்ல நிக்கறாரு. நான் அரிசி களைஞ்சிகினு கீறேன். 'வலி வந்துடுச்சா, யார அனுப்பின'ன்றாரு. நான் யாரையும் அனுப்பலியே!"

ஹபீபுல்லா மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மறுநாள் உன்னாண்ட வந்து கேட்டாரு. கத்தவே இல்லன்னு சத்தியம் பண்ண. வூட்லயும் யாரும் கூப்டல, கிரவுண்டுலயும் யாரும் கத்தல. அப்போ கேட்டது இன்னா? எனக்கு மண்ட கொழம்பிடுச்சு சொக்குன்னு அன்னிக்கு குந்தினவருதான். அவருக்குத் தெரியும், தெரிஞ்சி மன்னிச்சாருன்னு சொன்னியே. அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்ணா. நீ சொன்னத அப்டியே நம்பினாரு."

"அம்மா..." என்றாள் செங்கொடி.

"இருடி. காது டாக்டர்கிட்ட போனோம், மண்ட டாக்டர்கிட்ட போனோம், ஒண்ணும் இல்லன்னாங்க. தலவலின்னு பொய் சொல்லி உன்னையே தர்காவுக்குக் கூட்டிகினு போயி தாயத்து கட்டிகினாரு, ஞாபகம் கீதா? மார்க்கெட்ல கிரேன் ஓட்டற வேல குடுத்தாங்க, வாணான்னுட்டாரு. 'கீழ நிக்கறவன் எறக்குன்னு கத்தறது நெசமா, என் காதுல மட்டும் கேக்குதான்னு எனக்கு எப்டித் தெரியும், எவன் தலைலனா எறக்கிட்டா?'ன்னாரு. டீ டைம்ல ஓடியாந்தாரே, கேப்டன் சொல்லிச் சிரிச்சாரே, என்னக் கொஞ்சறதுக்கா ஓடியாந்தாரு? யாரோ கூப்ட்ட மாரி கேட்டுச்சுன்னு ஓடியாருவாரு. இல்லன்னு தெரியும், ஆனா ஒருவேள நெசமா இருந்துட்டான்னு ஓடியாருவாரு."

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

செங்கொடி அம்மாவின் புடவையைப் பிடித்தாள். "ஸ்கூல் கேட்டாண்ட வந்து நிப்பாரும்மா. 'நீ கூப்ட்டியா கண்ணு'ன்னு கேப்பாரு. எம்மேல பாசம்னு நெனச்சேன்."

"பாசந்தான்டி. பாசம் இல்லாமயா ஓடுவாரு? ஆனா அதுல பாதி பயம். அது உனக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினாரு. பைத்தியக்காரன் பொண்ணுன்னு உன்ன யாரும் சொல்லிடக்கூடாதாம்."

ஹபீபுல்லா மைக் கம்பியை விட்டார். காட்டிக் கொடுக்காதவன் என்று இவ்வளவு நாளும் அவர் கும்பிட்டு வந்த ஆள் இருந்ததே இல்லை. இருந்தவன் தன் காதையே நம்ப முடியாமல் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். பெருநாளைக்குத் தூக்கோடு போய் அவன் எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கடா என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பான். அவர் அப்படியே வாசல் படியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதார். யாரும் போய்த் தேற்றவில்லை.

சொக்கம்மாள் அவரைத் தாண்டிப் படத்தருகே போனாள். மாலையைக் கொஞ்சம் விலக்கி, படத்தின் காது பக்கம் குனிந்தாள்.

"யோவ், கத்தினானாம்யா" என்றாள். "நெசமாவே கத்தினானாம். உனக்கு ஒண்ணும் இல்லியாம்."