சிரிப்பு மார்க் கெச்சாப்

1994ஆம் ஆண்டு நோன்பு மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், ஜாவாவின் ரெம்பாங் சந்தையில் இருந்த எல்லா சிரிப்பு மார்க் கெச்சாப் பாட்டில்களின் லேபிள் படத்திலும் மர்க்காபானின் இடது கன்னம் வீங்கியிருந்தது. அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். கடைவாய்ப் பல்லாக இருக்கும் என்றார்கள். பிறகு வெங்காயம் ஏறிவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். மர்க்காபான் ஊரைவிட்டுப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸெமாராங்கில், துணி விற்கும் சுமியெம் என்பவளுடன் இருந்தான். ஆனாலும் அவனுக்கு நேர்வது எதுவும் மறுநாள் காலைக்குள் லேபிளுக்கு வந்துவிடும். அவன் மீசை வைத்தபோது லேபிளில் மீசை முளைத்தது. முன்மண்டையில் முடி கொட்டியபோது அங்கும் கொட்டியது. புதுப் பாட்டிலில் மட்டும் அல்ல, கழுவி எண்ணெய் ஊற்றி வைத்திருந்த பழைய பாட்டில்களிலும். அச்சகக்காரர் மட்டும் ஆரம்பத்தில், ஒரே பிளாக்கில்தான் அடிக்கிறேன், என்மேல் தப்பில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பிறகு அவரும் சொல்வதை விட்டுவிட்டார்.

கெச்சாப்பைக் காய்ச்சியது அவன் மனைவி வார்சினி. கருஞ்சோயாவை வேகவைத்து, மூங்கில் தட்டுகளில் பரப்பிப் பூசணம் பிடிக்கவிட்டு, உப்புத் தண்ணீர் ஜாடிகளில் போட்டு மாதக்கணக்கில் வெயிலில் வைப்பாள். பிறகு வடித்துத் தென்னை வெல்லமும் சித்தரத்தையும் சேர்த்துக் கறுத்துக் கெட்டியாகும்வரை கிளறுவாள். முதல் காய்ச்சல் சரியாக வந்தது 1971இல். அந்தப் பக்கத்து ஊர்களில் உடைமையாளரின் படத்தை லேபிளில் போடுவது வழக்கம். முகம் தெரியாத கெச்சாப்பை யாரும் வாங்கமாட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே படம், மர்க்காபான் சிரிக்கும் கல்யாணப் படம். முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஒருவர்தான் அடங்குவார் என்றார் அச்சகக்காரர். வார்சினி கத்திரியை எடுத்துத் தன்னை வெட்டிவிட்டாள். கத்திரி நேராகப் போகவில்லை. மேலே, எல்லாக் கெச்சாப்காரர்களும் போடுவதைப் போல, பெரிய எழுத்தில் நம்பர் ஒன் என்று போட்டார்கள். ஜாவாவில் அப்போது ஊருக்கு இரண்டு மூன்று நம்பர் ஒன் இருந்தது. அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அவன் போன பிறகும் அவள் படத்தை மாற்றவில்லை. மாற்றினால் வாங்குகிறவர்கள் போலி என்பார்கள். காய்ச்சும் கொட்டகையில் முப்பது பெண்கள் வேலை செய்தார்கள். லேபிள் ஒட்டும்போது அவர்களுக்கு ஊர்வம்புக்குக் குறைவில்லை. “அக்கா, மாமா இன்னிக்கு சவரம் பண்ணல” என்பாள் ஒருத்தி. “அங்க பிளேடு வாங்கிக் குடுக்க ஆளில்ல போல” என்பாள் இன்னொருத்தி. “கோந்து காயுது, ஒட்டு” என்பாள் வார்சினி. அவளும் அவர்களோடு உட்கார்ந்து ஒட்டுவாள். ஆனால் லேபிளைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தைப் பார்த்தபடியே ஒட்டுவாள். பதினான்கு ஆண்டுகளில் ஒரு லேபிள்கூடக் கோணலாகப் போனதில்லை.

கன்னம் வீங்கிய வாரத்தில் ஜகார்த்தாவிலிருந்து ஒரு லாரிச் சரக்கு திரும்பி வந்தது. கூடவே மொத்த வியாபாரி லியெம் க்வானும் வந்தார். கையில் ஒரு பாட்டில் வைத்திருந்தார். அதே கட்டம், அதே நம்பர் ஒன், அதே மர்க்காபான். ஆனால் இந்த மர்க்காபானுக்கு முப்பது வயது. கன்னம் வீங்கவில்லை. நேற்றும் அப்படித்தான் இருந்தான் என்றார் க்வான்.

“பாத்தி ஊரு ஹாஜி முக்தாரி போடுறாரு. ஒன்னோட லேபிள அந்தக் காலத்துலயே ஃபோட்டோ புடிச்சு வச்சு இப்ப அச்சடிச்சிருக்காரு. ஜகார்த்தா கடைக்காரன் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறான். இது தெனம் ஒரே மூஞ்சி. ஒன்னுது தெனம் ஒரு மூஞ்சி. எது போலின்னு சொல்லுவான்?”

“இருவத்துமூணு வருசமா நான் விக்கிறேண்ணே.”

“அது பழைய சட்டம்மா. யாரு மொதல்ல வித்தாங்கன்னு அப்பப் பாத்தாங்க. போன வருசத்துலேருந்து யாரு மொதல்ல மனு குடுத்தாங்கன்னுதான் பாக்குறாங்க. முக்தாரி குடுத்துட்டாரு. யாராச்சும் மறுப்பு சொல்லணும்னா இப்பச் சொல்லுங்கன்னு அறிவிப்பும் போட்டாச்சு. நீ வாயத் தொறக்கலன்னா, அடுத்த வருசம் அவரு ஒன் கொட்டகைக்குப் போலீஸோட வருவாரு, தன்னோட மார்க்க நீ திருடிட்டேன்னு.”

அவள் விசாரித்ததில் ஒன்று தெரிந்தது. ஒருவனுடைய முகத்தைச் சின்னமாகப் பதிய வேண்டுமானால் அவன் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். எனவே முகம் யார் பக்கம் கையெழுத்துப் போடுகிறதோ அவர்களுக்குத்தான் மார்க். வார்சினி மறுநாள் காலை ஸெமாராங் பேருந்தில் ஏறினாள். மர்க்காபான் தலையோடு சேர்த்துத் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சுமியெம், பயணிக்கு நோன்பு கட்டாயமில்லையே என்று தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வார்சினி குடிக்கவில்லை.

“பல்லு வலி” என்றான் அவன்.

“தெரியும். ஊரே பாத்துக்கிட்டுத்தான் இருக்கு.”

“கிராம்பு வச்சேன்.”

“அதுவும் தெரியும். வாய் ஓரத்துல ஒட்டிக்கிட்டிருந்துச்சு.” அவள் வந்த காரியத்தைச் சொன்னாள்.

அவன் கொஞ்சநேரம் தாடையைத் தடவினான். “முக்தாரி ஆளும் வந்திருந்தான். மோட்டார் சைக்கிள் தர்றேங்குறான். செவப்பு.”

“நான் கெச்சாப் காய்ச்சுறவ. எங்கிட்ட சைக்கிள் இல்ல.”

“யோசிச்சுச் சொல்றேன் வார்சினி. வலியில ஒண்ணும் ஓட மாட்டேங்குது.”

அவள் திரும்பி வந்தபோது பாட்டில்களில் அவன் பின்மண்டைதான் தெரிந்தது. சந்தையில் சிலர் வாங்கத் தயங்கினார்கள். சிலர், யோசிக்கிறார் என்று சொல்லி வாங்கிப்போனார்கள். பதில் வரும்வரை காத்திருக்க நாள் இல்லை. வார்சினி ஐந்து பாட்டில்களைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு தலைநகருக்கு அருகில் இருந்த பதிவு அலுவலகத்துக்கு ரயிலேறினாள். அங்கே சின்னங்களைப் பரிசீலிக்கும் அதிகாரி ஹர்னானி என்ற அம்மாள். நோன்பில் உதடு காய்ந்திருந்தது. வார்சினி அவர் மேஜையில் துணியை அவிழ்த்தாள். ஐந்து பாட்டில்களிலும் மர்க்காபான் முன்பக்கம் திரும்பி, சிவப்பு ஹெல்மெட் போட்டிருந்தான். வீங்கிய கன்னத்தை உறுத்தாதபடி வாரைத் தளர்த்தி விட்டிருந்தான்.

வார்சினி துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஹர்னானி அம்மாளுக்கு ஹெல்மெட்டில் வியப்பு இல்லை. அந்த மாதம்தான் ஒரு கொசுவத்தி அட்டையில் இருந்த புலி குட்டி போட்டிருந்தது. குட்டிக்குத் தனி மனுக் கொடுக்க வேண்டும் என்று அவர் எழுதி அனுப்பியிருந்தார். “இவரோட சம்மதம் முக்தாரி பேருல இன்னிக்குக் காலைலதான் வந்துச்சு” என்றார். “சரி, இதுல எது உங்க மார்க்?”

“எல்லாந்தான்.”

“எல்லாம்னு ஒண்ணு கெடையாதும்மா. கெச்சாப்ங்கிற பேரு சரக்கோட பேரு, அது யாருக்கும் சொந்தமில்ல. நம்பர் ஒன்ன ஒருத்தருக்குக் குடுத்துட்டா மத்தவங்க எதப் போடுவாங்க? மூஞ்சி அவரோடது. அதுவும் நெலையா நிக்க மாட்டேங்குது. சின்னம்னா இன்னிக்குப் பாத்த மாதிரி நாளைக்கும் இருக்கணும். அதப் பாத்துத்தான ஜனங்க இது வார்சினி கெச்சாப்னு எடுக்குறாங்க?”

“மாறினாலும் எடுக்குறாங்களே.”

ஹர்னானி அம்மாள் எழுதுவதை நிறுத்தினார். “அப்ப எதப் பாத்து எடுக்குறாங்க?” என்றார். ஒரு பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். “ஒரு பாட்டில் இங்க இருக்கட்டும். திங்கக்கெழம வாங்க.”

கொட்டகைப் பெண் ஒருத்தியின் தங்கை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வார்சினி அவள் வீட்டில் தங்கினாள். மாலையில் நோன்பு திறந்தபின் அந்த வீட்டார் கெச்சாப் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அது முக்தாரியுடையது. வெல்லம் தூக்கலாக இருந்தது. அவளும் ஊற்றிச் சாப்பிட்டாள். கொட்டகையில் எல்லா அடுப்புகளையும் அணைப்பது எப்படி என்று யோசித்துப் பார்த்தாள். ஜாடியில் ஊறுகிற சோயாவைப் பாதியில் நிறுத்த முடியாது. அது யாருக்காகவும் நிற்காமல் ஊறிக்கொண்டுதான் இருக்கும்.

திங்கட்கிழமை அவள் போனபோது ஹர்னானி அம்மாள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்திருந்தார். மர்க்காபானுக்குக் கன்னம் வற்றியிருந்தது. கண்ணில் தூசி விழுந்த சிவப்பு.

“நானும் வந்ததுலேருந்து பாக்குறேன். ஒரு நாள் ஹெல்மெட், ஒரு நாள் துண்டு, ஒரு நாள் தூங்குறாரு. அப்படியே இருக்குறது ஒண்ணுதான்.” பென்சில் முனையால் கட்டத்தின் வலது ஓரத்தைத் தொட்டார். “இது யாரு?”

வார்சினி குனிந்து பார்த்தாள். அந்த ஓரத்தை அவள் கவனித்ததே இல்லை. பச்சைச் சட்டை போட்ட ஒரு தோளின் நுனி. அதன்மேல் கூந்தலிலிருந்து இறங்கும் மணப்பெண்ணின் மல்லிகைச் சரம். இருபத்துமூன்று ஆண்டுகளாக ஒரு மொட்டும் வாடவில்லை.

“நான்.”

“தோள் மட்டுந்தானா?”

“மிச்சத்த வெட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“எடமில்ல.”

ஹர்னானி அம்மாள் கோப்பிலிருந்து முக்தாரியின் லேபிளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். முகத்தைப் படம் பிடித்தவர்கள் தோளையும் சேர்த்தே பிடித்திருந்தார்கள். அதே பச்சை, அதே சரம். “மூஞ்சிக்குச் சம்மதம் வாங்கியிருக்காங்க. தோளுக்கு உங்ககிட்ட கேட்டாங்களா?”

“என்னோடதுன்னு எனக்கே இப்பத்தான தெரியும்.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. உக்காந்து மறுப்ப எழுதுங்க. அப்பறம் உங்க பேருல தனியா ஒரு மனு. படத்துல தோளும் சரமும். மூஞ்சி இருக்குற எடம் காலி. அங்க அவரு என்ன வேணா பண்ணிக்கட்டும்.” பிறகு சட்டம் கேட்கிறபடி ஒரு கேள்வி கேட்டார். “தோளுக்கு உடையவங்க சம்மதம் இருக்கா?”

வார்சினி தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். “இருக்கு” என்றாள்.

முக்தாரியின் மனு தள்ளுபடி ஆனது. அவர் தோள் இருந்த இடத்தில் ஒரு தூணை வரைந்து மறுபடி சந்தைக்கு அனுப்பிப் பார்த்தார். தூண் பக்கத்தில் நின்ற மர்க்காபான் பேருந்துக்குக் காத்திருப்பவனைப்போல் இருந்தான். ஜனங்கள் எடுத்தார்கள், ஏதோ குறைகிறது என்று திரும்ப வைத்தார்கள். ஹாஜி ஓராண்டில் கெச்சாப்பை விட்டுக் காடி காய்ச்சப் போய்விட்டார். அதில் படம் இல்லை, வெறும் எழுத்துதான். நன்றாகவே விற்றது. மர்க்காபானிடமிருந்து மோட்டார் சைக்கிளை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. வார்சினியின் சான்றிதழைக் கொட்டகையில் ஜாடிகளுக்கு மேலே மாட்டினார்கள். அதில் நடுவில் வெற்றிடம், ஓரத்தில் தோள். வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் அதன்கீழ் நின்று, மல்லிகை வாசம் வருகிறது என்பார்கள். சோயா வாடையில் அதெல்லாம் தெரியாது என்பார்கள் பழையவர்கள். சந்தையில் அதற்குப் பிறகும் அது சிரிப்பு மார்க்தான். வார்சினி மட்டும் லேபிளை நேராகப் பிடித்து ஒட்டத் தொடங்கினாள். முதல் சில நாட்கள் கோணலாக வந்தது.

பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த முறை ஹர்னானி அம்மாள் இல்லை, வேறொருவர் இருந்தார். அவர் புது லேபிளைப் பதிவேட்டுப் படத்தின்மேல் வைத்து ஒப்பிட்டார். தோள் தோளின்மேல் உட்கார்ந்தது. மொட்டு மொட்டின்மேல். வார்சினியின் சொந்தத் தோள் அதற்குள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கெச்சாப் கிளறத் துடுப்பு பிடித்த பக்கம். அவர் அதைக் கேட்கவில்லை, முத்திரை வைத்துக் கொடுத்தார்.

புதுச் சான்றிதழைப் பழையதன் பக்கத்தில் மாட்டிய வாரம், ஸெமாராங் பேருந்திலிருந்து சுமியெம் இறங்கினாள். கொட்டகை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். மர்க்காபான் ஒரு மாதத்துக்கு முன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போடப் போனவன், திரும்பவில்லை என்றாள். எங்கள் ஊர்க் கடையில் பாட்டில் தீர்ந்துவிட்டது, அதனால் வந்தேன் என்றாள். பெண்கள் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்கள். ஒருத்தி தேநீர் கொடுத்தாள். சுமியெம் வாங்கிக் குடித்தாள். வார்சினி அப்போதுதான் ஒட்டிய பாட்டிலைத் துடைத்து அவள் கையில் கொடுத்தாள்.

மர்க்காபான் முடிக்குச் சாயம் பூசியிருந்தான். கட்டம்போட்ட புதுச்சட்டை, காலர் காற்றில் எழும்பியிருந்தது. வலது ஓரத்தில் தோளும் மல்லிகையும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இடது பக்கம், கட்டத்துக்கு வெளியே எங்கோ பார்த்து, கல்யாணப் படத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தான். சுமியெம் பாட்டிலை மெதுவாகத் திருப்பினாள். லேபிள் முடிந்து கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குள் கெச்சாப் கறுப்பாக இருந்தது. அவள் மறுபடி முன்பக்கம் கொண்டுவந்தாள்.

“அக்கா” என்றாள், “யாரப் பாத்து சிரிக்கிறாரு?”