கழுவி வைத்த பில்டர்

கொட்டாஞ்சேனை பீற்றருக்கு இரண்டு விஷயங்கள் அத்துப்படி. ஒன்று துறைமுகத்திலிருந்து சரக்கு விடுவிப்பது. அது அவருடைய வேலை. மற்றது மீன்தொட்டியின் பின்கண்ணாடியில் தொங்கவிடுகிற, தண்ணீரை இழுத்துச் சுத்தமாக்குகிற பில்டர். அது அவருடைய பைத்தியம். வேலையைப் பற்றி யாராவது கேட்டால்தான் பேசுவார். பில்டரைப் பற்றிப் பேச அவருக்கு யாரும் கேட்கத் தேவையில்லை.

ஒரு கெட்டி அட்டைச் சி.ஆர். கொப்பியில் ஆறு பில்டர்களை ஒப்பிட்டு எழுதி வைத்திருந்தார். ஒரு லீற்றர் ஜக்கை எத்தனை செக்கனில் நிரப்புகிறது, எவ்வளவு சத்தம் போடுகிறது, கரண்ட் போய் வந்தால் தானாக ஓடுகிறதா, பஞ்சைக் கழற்றுவது சுலபமா என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை புள்ளி. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து மீன் வளர்ப்பவர்களின் வட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது, "அண்ணன், எங்களுக்கு இதுதான் பைபிள்" என்று ஒருவர் எழுதினார். பீற்றர் அதை மனைவி மெற்றில்டாவிடம் ஓடிப்போய்க் காட்டினார். "மாதாவே, இந்த மனுசனுக்கு இனிக் கால் நிலத்தில நிக்காது" என்றாள் அவள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இருக்கவில்லை.

அந்தக் கொப்பியை மதிக்காத ஆள் ஒருவர்தான். அப்ஹாம். வெள்ளவத்தையில் காலி வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை, கடைக்குப் பின்னால் ஒழுங்கையில் நாலாம் மாடியில் வீடு. இருபது வருடச் சினேகிதம். அவருடைய தொட்டியில் பதினொரு வருடமாக ஒரே பில்டர் ஓடியது. மஞ்சளாகிப் போனது, மூடி உடைந்து றப்பர் பட்டியால் கட்டப்பட்டது. கரண்ட் போய் வந்தால் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கெஞ்சினால்தான் மறுபடி ஓடும். முறுக்குக் கடிப்பது மாதிரி எந்நேரமும் ஒரு சத்தம். பீற்றரின் கொப்பியில் அதற்குப் பத்துக்கு மூன்று. ஆனால் அதன் கீழே உள்ளங்கை அகலத்தில் ஏழு ஏஞ்சல் மீன்கள், பாய் விரித்த வள்ளம் போல் நீந்திக்கொண்டிருந்தன. "ஒன்ட மார்க்கப் பாத்தா மச்சான் மீன் நீந்துது?" என்று அப்ஹாம் சிரிப்பார். பீற்றருக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்காது.

மாசி மாதம் அப்ஹாமும் மனைவி ஸமீமாவும் மக்காவுக்கு உம்றா யாத்திரை புறப்பட்டார்கள். போகுமுன் தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்பது அவர்கள் வழக்கம். கொட்டாஞ்சேனைக்கும் வந்தார்கள். "ஒன்ட புதுப் பில்டர நான் வெளையாட்டுச் சாமான் என்டு சென்னன். மனசுல வெச்சிக்கொள்ளாத மச்சான்" என்று அப்ஹாம் பீற்றரின் கையைப் பிடித்துச் சொன்னார். பிறகு வீட்டுச் சாவியை அந்தக் கையிலேயே வைத்தார். பதினைந்து நாளைக்கு மீனுக்குத் தீன் போட வேண்டும், அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போன மனிதனின் வீட்டில் புகுந்து அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? பீற்றருக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் கோட்டையிலிருந்து ரயிலேறி வெள்ளவத்தைக்குப் போனபோது அவருடைய பையில் மீன் தீன் மட்டும் இருக்கவில்லை. கொப்பியில் ஒன்பது புள்ளி வாங்கிய பில்டரும் இருந்தது. திட்டம் எளிமையானது. பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, அப்ஹாம் வருமட்டும் தினம் வீடியோ எடுத்து, அவர் வந்ததும் குரூப்பில் போட்டு, பதினொரு வருடச் சண்டையை முடித்துவிடுவது.

இந்த இடத்தில் அவர் அறியாமல் செய்தார் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். அவருக்கு எல்லாம் தெரியும். பழைய பில்டரின் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியிருக்கும். மீன் கழிப்பது தண்ணீரில் நஞ்சாகாமல் தின்று தீர்ப்பவை அவைதான். புதிய பஞ்சில் அவை பெருக ஒரு மாதமாவது வேண்டும். அதுவரை பழையதும் புதியதும் ஒரே தொட்டியில் சேர்ந்தே ஓட வேண்டும். குரூப்பில் இதை எத்தனையோ பேருக்கு விளக்கி எழுதியவரே பீற்றர்தான். ஆனால் இரண்டும் சேர்ந்து ஓடினால், மீன் நன்றாயிருப்பது எதனால் என்று எப்படிச் சொல்வது? அப்ஹாம் சிரிப்பாரே. அதனால் கழற்றினார். கழற்றியதைச் சவர்க்காரம் போட்டு, பழைய பல் தூரிகையால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி, பல்கனி வெயிலில் காயவைத்து, ஒரு பையில் சுற்றி அலுமாரியின் மேல் வைத்தார். நல்ல காரியம் செய்த திருப்திகூட அவருக்கு இருந்தது.

ஒன்பதாம் நாள் அவர் கதவைத் திறந்தபோது புதுப் பில்டர் சத்தமே இல்லாமல் அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. மற்ற ஐந்தும் மேல் தண்ணீரில் வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன. செவுள்கள் தீக்காயம் மாதிரிச் சிவந்திருந்தன. பீற்றர் சேர்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினார். அலுமாரியின் மேலிருந்த பழைய பில்டரை எடுத்துப் பார்த்தார். அது புதிது போலச் சுத்தமாக இருந்தது, ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த நாள் மாலைக்குள் ஏழும் செத்துப் போயின.

ஒரு கடைப் பையில் அவற்றைக் கட்டி, கீழே மாநகரசபை லொறிக்குக் காத்திருந்த குப்பையோடு குப்பையாகப் போட்டார். யாராவது பார்க்கிறார்களா என்று ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். ஐம்பத்து நாலு வயதில் கள்ளனைப் போல நின்றது அதுதான் முதல் தடவை.

அப்போதே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். மக்காவில் நிற்கிற மனிதனை ஏன் கலங்க வைக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சாட்டுச் சொன்னார். உண்மையான காரணம் வேறு. குரூப்பில் நாற்பது பேரும் சிரிப்பது அவர் காதில் இப்போதே கேட்டது. அரை நாள் லீவு போட்டுவிட்டு இரத்மலானையில் மீன் குஞ்சு பொரிக்கிற ஒருவரின் வீட்டுக்குப் போனார். போனில் அப்ஹாம் அனுப்பிய பழைய படங்களை வைத்துக்கொண்டு, வரிக்கு வரி பொருத்தி, அதே அளவில் ஏழு ஏஞ்சல்களைத் தேர்ந்தார். "கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்களே, மாத்தயா" என்று விற்றவர் சிங்களத்தில் பகிடி விட்டார். பீற்றர் சிரிக்க முயன்று பார்த்தார், முடியவில்லை. பழைய தண்ணீரை முழுவதும் மாற்றி, விற்றவரின் தொட்டியில் ஓடிய அழுக்குப் பஞ்சு ஒன்றையும் கேட்டு வாங்கிவந்து புதுப் பில்டருக்குள் திணித்தார். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஒன்றுதான் பொருந்தவில்லை. பழைய மீன்களில் மூத்ததற்கு முதுகுச் செட்டையில் ஒரு கிழிசல் உண்டு. அப்ஹாம் அதைக் 'கிழிஞ்சவன்' என்று பெயர் வைத்துக் கூப்பிடுவார். இரத்மலானையில் கிழிசல் மீன் விற்பதில்லை.

பீற்றர் ஸமீமாவின் மேசையில் இருந்த நகக் கத்தரிக்கோலை எடுத்தார். ஈர வலையில் ஒரு மீனை அமத்திப் பிடித்தார். அது கையில் துடித்தது. படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, செட்டையில் ஒரு மூலையை வெட்டினார். நகம் அளவு துண்டு ஒன்று அவருடைய விரலில் ஒட்டிக்கொண்டது. பிறகு கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். அன்று ரயிலில் வரும்போது எதிரே இருந்த சின்னப் பிள்ளை தன்னையே பார்ப்பது போலிருந்ததால் ஜன்னலுக்கு வெளியே, பின்னால் போய்விட்ட தெஹிவளைப் பக்கம் பார்ப்பது மாதிரிக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு கோட்டை வரைக்கும் வந்தார்.

அப்ஹாம் திரும்பி வந்த மாலை, சாவி கொடுக்கப் பீற்றர் போனார். மக்காவிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழமும் ஸம்ஸம் புனிதத் தண்ணீரும் கொடுத்தார்கள். "ஒன்ட ப்ரஷர் கொறையட்டும் என்டு ரெண்டு எடத்துல துஆக் கேட்டன் மச்சான்" என்றார் அப்ஹாம். அந்தப் பிரார்த்தனையைக் கேட்டதும் பீற்றருக்கு அந்த இடத்திலேயே ப்ரஷர் ஏறியது. புதுப் பில்டரைக் கண்டு அப்ஹாம் கோபிக்கவில்லை. காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லடா. நான்தான் வீணா மல்லுக்கட்டி ஈக்கன்" என்றார்.

பிறகு ஆட்காட்டி விரலைக் கண்ணாடியில் வைத்தார். அந்த விரல் வைத்தால் முன்பு ஏழு மீனும் தீனுக்கு ஓடி வருமாம். இப்போது ஏழும் சிதறிப் பின்பக்கம் போய் ஒதுங்கின. அப்ஹாம் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

"பதினஞ்சு நாள்ல என்ன மறந்து பெய்த்துகள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்தச் சிரிப்புப் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஞாயிறு காலை கொச்சிக்கடைக் கோயில் பூசை முடிந்து வந்தபோது குரூப்பில் அப்ஹாம் எழுதியிருந்தார். தான் ஊரில் இல்லாதபோது பீற்றர் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டார், மீனெல்லாம் நன்றாயிருக்கின்றன, பதினொரு வருடமாகத் தான் சொன்னது பிழை, பீற்றர் சொன்னதே சரி, எல்லாரும் அவருடைய கொப்பியைப் பார்த்து வாங்குங்கள் என்று. கீழே கைதட்டுகிற படங்கள் வரிசையாக விழுந்தன. பதினொரு வருடம் ஆசைப்பட்ட கைதட்டல். பீற்றர் போனைக் குப்புற வைத்தார்.

மறுபடி எடுத்தபோது மட்டக்குளி ஜெயகுமார் எழுதியிருந்தான். தொழிற்சாலையில் வேலை செய்கிற பையன், ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரு தொட்டி நிறைய மீன் வைத்திருப்பவன். 'அண்ணன் சொன்னதையே வாங்கிட்டன். இன்டைக்கே பழசைக் கழற்றிக் கழுவப் போறன்.'

பீற்றரின் விரல் அவசரமாக ஓடியது. 'கழற்றாதே. ரெண்டையும் ஒரு மாசம் சேர்த்து ஓடவிடு.'

பதில் உடனே வந்தது. 'ஏன் அண்ணன்? அப்ஹாம் நானாட தொட்டியில நீங்க உடனேதானே மாத்தினீங்க. ஒண்டும் ஆகல்லயே?'

சமையலறையிலிருந்து வந்த மெற்றில்டா, கணவன் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உறைந்திருப்பதைக் கண்டாள். என்னவென்று கேட்டாள். பீற்றர் எல்லாவற்றையும் சொன்னார். கத்தரிக்கோலை மட்டும் சொல்லவில்லை, மனைவியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"குரூப்பில பிறகு எழுதலாம்" என்றாள் மெற்றில்டா. "முதல்ல அந்த மனுசனிட்டப் போங்க. மற்றவங்கட வாயால அவர் கேட்கக் கூடாது."

'பொறு தம்பி, தொடாதே. பின்னேரம் காரணம் சொல்றன்' என்று ஜெயகுமாருக்கு எழுதிவிட்டுப் புறப்பட்டார். வெள்ளவத்தை நிலையத்தில் இறங்கி நடக்கும்போது, அப்ஹாம் வீட்டில் இல்லாமலிருந்தால் நல்லது என்று நினைத்தார். நினைத்ததற்காகவும் வெட்கப்பட்டார்.

அப்ஹாம் இருந்தார். ஸமீமா தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். பீற்றர் கதிரையில் உட்காரவில்லை.

"மச்சான், நீ எழுதினது பொய். நான் வெல்லுறதுக்காகப் பழசைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினனான். என்ன நடக்கும் எண்டு தெரிஞ்சுதான் செய்தனான். உன்ர மீன் செத்துப்போச்சு. இதுகள் நான் இரத்மலானையில வாங்கி விட்டது."

அப்ஹாம் எழுந்து தொட்டிக்குப் போனார். விரலை வைத்தார். மீன்கள் விலகின.

"அப்ப அதுகள் என்ன மறக்கல்ல" என்றார் மெதுவாக. குரலில் கோபம் இருக்கவில்லை. ஏதோ ஒரு பாரம் இறங்கினது போலிருந்தது. திட்டியிருந்தால் பீற்றர் தாங்கியிருப்பார்.

அப்ஹாம் குனிந்து தொட்டிக்குள் கண்களால் துழாவினார். பின்மூலையில் நின்ற மீனைக் கண்டதும் அவருடைய முகம் விரிந்தது.

"கிழிஞ்சவன் மட்டும் தப்பிட்டான், என்ன? அல்லாஹ் ஒன்டயாவது மிச்சம் வெச்சான்."

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிதன் ஆறுதலாக இருப்பான். யாருக்கும் ஒரு நட்டமுமில்லை. பீற்றருக்கு நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்தது.

"இல்ல மச்சான்" என்றார். "அதுவும் செத்துப்போச்சு. இந்தச் செட்டையை நான்தான் கத்தரிக்கோலால வெட்டினனான். உயிரோட பிடிச்சு வெட்டினனான்."

உள்ளே ஸமீமா கரண்டியால் சீனி கலக்குகிற சத்தம் கேட்டது. அப்ஹாம் நிமிர்ந்தார். மீனையும் பார்க்கவில்லை, பீற்றரின் முகத்தையும் பார்க்கவில்லை. பீற்றரின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கைகளை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று பீற்றருக்குத் தெரியவில்லை.