பலாக்கிளை கேஸ்

கள்ளக்குறிச்சி கோர்ட்டு வாசல் டீக்கடையில் பொழுது போகவில்லை என்றால், இன்றைக்கும் யாராவது ஒருவர் பலாக்கிளை கேஸை எடுத்துவிடுவார். மலையிலிருந்து ஒரு பொம்பளை வந்தாளாம். நிலம் வேண்டாம், மரம் வேண்டாம், ஒரே ஒரு கிளையை மட்டும் வெட்டக் கூடாது என்று தடை உத்தரவு வாங்கினாளாம். கடைசியில் அவள் புருஷனே அதை வெட்டிக் கொளுத்திவிட்டானாம். சொல்லி முடிப்பதற்குள் நாலு பேருக்குப் புரை ஏறிவிடும். சிரிக்கட்டும். அவர்கள் பெண்டு பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தப் பெரியம்மாள் கோர்ட்டுப் படி ஏறியது பலாப்பழத்துக்காக இல்லை என்பதை நானாவது சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மாளும் அவள் புருஷன் பொன்னுரங்கமும் வடக்கனந்தல் பக்கத்து ஆட்கள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. கல்யாணமான புதிதிலேயே கரியாலூருக்கு மேலே தெய்வசிகாமணியின் தோட்டத்துக்குக் காவலுக்குப் போனவர்கள்தான், அங்கேயே இருபது வருஷம் ஓடிவிட்டது. அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவல்காரனுக்கு என்று ஒரு பலாமரத்தில் ஒரு கிளையை விட்டுவிடுவார்கள். அதில் காய்ப்பது அவனுக்கு. காவல் கிளை என்று அதற்குப் பெயர். காகிதம், கையெழுத்து ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்தக் கிளைப் பழத்தைத்தான் வருஷா வருஷம் பெரியம்மாள் கீழே இறக்கி, கள்ளக்குறிச்சியில் காஜா மைதீன் பாய் கடையில் போட்டுவிட்டு வருவாள்.

அந்தக் கிளையின் அமைப்பை இங்கேயே சொல்லிவிட வேண்டும், கேஸே அதில்தான் இருக்கிறது. அடிமரத்தில் ஓர் ஆள் உயரத்தில் பிரிந்து, பிறகு சாய்வாக மேலே மேலே ஏறிப்போகிற கிளை அது. பழம் தொங்குகிற நடுப்பக்கத்துக்குப் போய்விட்டால் கீழே இருந்து எம்பினாலும் குதித்தாலும் கை எட்டாது. அதற்கென்றே பொன்னுரங்கம் ஒரு மூங்கில் ஏணி கட்டி வைத்திருந்தான். வேலை இல்லாத நாளில் அது வீட்டுக்குப் பின்னால் கூரை இறவாணத்தில் தொங்கும். காய் திரண்டதும், கரடி ஏறாமல் இருக்க அடிமரத்தைச் சுற்றி, கிளை பிரிகிற இடத்துக்கும் மேலே வரை, இலந்தை முள்ளைக் கட்டிவிடுவான். அதற்கப்புறம் அந்த மரத்தில் ஏணி இல்லாமல் எவனும் ஏற முடியாது, கட்டினவனே ஏற முடியாது.

எண்பத்தாறாம் வருஷம், ஆனி மாதம் பிறந்து நாலு நாள் இருக்கும். அவர்களுடைய ஒரே மகள் குஞ்சம்மாளுக்குப் பத்தொன்பது வயது. தெய்வசிகாமணியின் மகன் தங்கதுரை ஜீப்பில் மேலே வந்திருந்தான். பங்களாவைக் கூட்டிவிட்டுப் போகச் சொல்லி மத்தியானம் ஆள் அனுப்பினான். பெற்றவர்கள் இருவரும் மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது சாய்ந்து வந்து பார்த்தால், பெண் காவல் கிளையின் நடுப்பக்கத்தில் தொங்கினாள்.

பொன்னுரங்கம் வீட்டுக்கு ஓடி ஏணியை எடுத்துவந்து போட்டுத்தான் மகளை இறக்கினான். முள்ளு கட்டினது கட்டினபடி இருந்தது. பெரியம்மாள் மகளின் உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள், உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. அழுகிற வாய் அப்படியே நின்றுபோயிற்று.

"ஏணி வூட்டாண்ட இருந்துச்சு. முள்ளு கலையல. பாப்பா எப்பிடி ஏறுனா?" என்று கேட்டாள். அன்றைக்கு ஆரம்பித்து, கண்ணில் பட்ட எல்லோரிடமும் இதைத்தான் கேட்டாள். 

பதில் போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு வந்தார்கள். தீராத வயிற்று வலியாம். நம் ஊரில் ஏழைப் பெண் செத்தால் அவளுக்கு வயிற்று வலி வந்துவிடும், எந்த டாக்டரும் பார்த்திராத வயிற்று வலி. தரையிலிருந்து ஆறடி உயரமுள்ள கிளையில் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று ஏட்டு படித்துக் காட்டினார். ஆறடி இல்லை, ஏணி போட்டுத்தான் இறக்கினோம் என்று பெரியம்மாள் குறுக்கே விழுந்து சொன்னாள். உனக்கு அடிக்கணக்கு தெரியுமா என்று கேட்டார்கள். பொன்னுரங்கம் கைநாட்டு வைத்துவிட்டான். மறுநாள் காலையில் தோட்டத்து ஆட்கள் வந்து முள்ளையெல்லாம் பிரித்துக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது கிளை ஒன்றுதான். கயிறு பட்டையை அறுத்த இடத்தில் பால் கசிந்து வெள்ளையாக உறைந்திருந்தது. கீழே நின்று பார்த்தாலே தெரியும்.

அதையும் வெட்ட நாள் குறித்தார்கள். நாண்டுகொண்டு செத்த கிளையைப் பதினாறாம் நாளுக்குள் வெட்டிக் கொளுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர் அதை விட்டு இறங்க மாட்டார், இன்னொருவரையும் கூப்பிடுவார் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. தெய்வசிகாமணி பெரிய மனசு பண்ணி, கூலி ஆள் விட்டு நானே வெட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். ஊரில் எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெரியம்மாளோடு சேர்ந்து மாரடித்து அழுதவர்கள்கூட, ஆமாம், சீக்கிரம் வெட்டிடுங்க என்றார்கள்.

பன்னிரண்டாம் நாள் அவள் பஸ் ஏறி காஜா மைதீன் கடைக்குப் போய் நின்றாள். தலையில் பழம் இல்லாமல் அவள் வந்ததே இல்லை. பாய் எல்லாவற்றையும் கேட்டார். கடையை மூடிவிட்டு, மூன்று வருஷமாக வக்கீல் தொழில் பார்க்கிற தன் மகன் உமர் பாரூக்கிடம் அழைத்துப்போனார்.

உமர் பாரூக் நல்ல பையன், சூட்டிகையானவன். கொலை என்று ஒரு வார்த்தை எழுதினால் போலீசிடம் போ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான். போலீஸ் எழுதின ஆறடியைத் தப்பென்று காட்டக் கோர்ட்டு ஆள் வந்து டேப் பிடித்து அளக்க வேண்டும். போட்டோ எடுத்தால் அதில் அடி தெரியாது. பலாப்பழம் என்று எழுதினால் கோர்ட்டு ஆள் அனுப்பும், கொலை என்றால் அனுப்பாது. சட்டம் அப்படி இருக்கிறது, அவன் என்ன செய்வான்.

"எல்லாரும் சிரிப்பாங்கம்மா. தாங்குவீங்களா?" என்று கேட்டான்.

"சிரிச்சிக்கினே அளக்கட்டும் தம்பி," என்றாள் பெரியம்மாள்.

அவன் சொன்னபடியே சிரித்தார்கள். பரம்பரை வழக்கப்படி காவல் கிளையின் பலன் வாதிக்கு உரியது, அதை வெட்டினால் ஈடு செய்ய முடியாத நஷ்டம் என்று உமர் பாரூக் வாசித்தபோது பின் பெஞ்சு குலுங்கியது. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, கிளை அம்மாவுடையது சரி, அதில் வந்து உட்கார்கிற காக்கை யாருடையது, சுளை அவர்களுக்கு என்றால் சக்கை எங்களுக்கா என்று கேட்டார். நீதிபதியே வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பெரியம்மாள் கூண்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். மகள் தொங்கின கிளையைப் பற்றி இத்தனை பேர் இத்தனை சந்தோஷமாகப் பேசுவதைக் கேட்க எந்தத் தாய்க்கும் விதிக்கக் கூடாது.  

உத்தரவு கிடைத்தது. அடுத்த வாய்தா வரைக்கும் தெய்வசிகாமணியோ, மகன் தங்கதுரையோ, அவர்களுடைய ஆட்களோ கிளையைத் தொடக் கூடாது. காசிநாதன் என்கிற வக்கீல் கமிஷனராக நேரில் போய்க் கிளையின் நிலை, உயரம், காய் எண்ணிக்கை எல்லாம் அளந்து எழுதிவர வேண்டும். உயரம் என்ற வார்த்தையை உமர் பாரூக் காய்களுக்கு நடுவில் நைசாகச் செருகிவைத்திருந்தான். கமிஷனர் மலை ஏற மூன்று வாரம் கழித்துத்தான் தேதி கொடுத்தார். அதுதான் குடியைக் கெடுத்தது.

பதினாறாம் நாள் வந்தது, போனது. கிளை நின்றது. ஊரில் பெரியம்மாள் வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள். பூசாரி மட்டும் பொன்னுரங்கத்தைத் தேடி இரண்டு தரம் வந்துபோனார். தோட்டத்து ஜீப்பில்தான் வந்தார், தோட்டத்து ஜீப்பில்தான் போனார். கிளை நிற்கிற மட்டும் பெண் அதிலேயே தொங்கிக்கொண்டிருப்பாள், கழுத்து வலியோடு இருப்பாள் என்று சொன்னார். அந்த ஆள் நாக்கு அழுக வேண்டும். பெற்றவனிடம் போய்ச் சொல்கிற சொல்லா அது?

பொன்னுரங்கம் சோற்றில் கை வைப்பதை விட்டான். காற்று அடித்துக் கிளை கிறீச்சிட்டால் எழுந்து போய் மரத்தடியில் நிற்பான். கோர்ட்டு ஆள் வந்து அளந்துவிட்டுப் போகட்டும், அப்புறம் நாமே வெட்டிவிடலாம் என்று பெரியம்மாள் அவனுக்கு நாளைக்குப் பத்துத் தரம் சொன்னாள். ஆறடி இல்லை என்று எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பாவி தங்கதுரையை இழுத்துவரலாம் என்றாள். அவன் கேட்டுக்கொண்டான். கேட்டுக்கொண்டு ஒரு நாள் சொன்னான்:

"கேசு நடக்கட்டும்மே. அதுவரைக்கும் புள்ள தொங்கிக்கினே இருக்கணுமா?"



கமிஷனரைக் கூட்டிவர அவள் முதல் நாளே கீழே போனாள். பாய் வீட்டு அம்மா ரசூல் பீவி சோறு போட்டுப் படுக்க இடம் கொடுத்தாள். விடிந்ததும் கமிஷனர் காசிநாதன், உமர் பாரூக், பெரியம்மாள் மூவரும் முதல் பஸ்ஸில் ஏறினார்கள். காசிநாதன் மடியில் புது டேப். ஒரு மாதத்துக்குப் பிறகு பெரியம்மாளுக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. கயிறு அறுத்த தடத்தை எங்கே நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று வழியெல்லாம் கமிஷனருக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பங்களா மேட்டில் திரும்பும்போதே புகை தெரிந்தது.

மரம் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. அடிமரத்தில், கிளை பிரிந்த இடத்தில், தட்டு அகலத்துக்கு வெள்ளையாக ஒரு வெட்டு. அதிலிருந்து பால் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஏணி சாய்ந்திருந்தது. உச்சியிலிருந்து கொப்பு கொப்பாகக் கழித்து, கடைசியில் அடியை வெட்டி, எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்தியிருந்தான் பொன்னுரங்கம். கோடாலியைக் கீழே போட்டுவிட்டு நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். உத்தரவில் தெய்வசிகாமணி பெயர் இருந்தது, தங்கதுரை பெயர் இருந்தது, கூலி ஆட்கள்கூட இருந்தார்கள். பெற்ற தகப்பனின் பெயரை எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

உமர் பாரூக் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். காசிநாதன் கெட்டவர் இல்லை. வந்த வேலையைச் செய்ய வேண்டுமே என்று டேப்பை இழுத்து, மிச்சம் இருந்ததை அளந்தார். தரையிலிருந்து வெட்டுவாய் வரை ஆறடி ஓர் அங்குலம். அதை அப்படியே எழுதிக்கொண்டார். போலீஸ்காரன் எழுதின பொய்க்குக் கோர்ட்டு ஆளே டேப் பிடித்துக் கணக்குச் சொன்னது போல ஆகிவிட்டது.

பெரியம்மாள் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, இதயும் அளந்து எழுதுங்க. இத போட்டுத்தான் எறக்கனோம். இத அளங்க ஐயா."

"உத்தரவுல கிளைன்னுதாம்மா இருக்கு," என்றார் காசிநாதன். "ஏணி இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று உமர் பாரூக்கிடம் முணுமுணுத்தார். அவர்கள் இருவரும் மேட்டில் இறங்கிப் போனார்கள்.

பெரியம்மாளுக்குக் கோடாலிதான் கண்ணில் பட்டது. அதை எடுத்து அவன் மண்டையிலேயே போட வேண்டும் என்று ஒரு வெறி வந்தது. ஆமாம், வந்தது. அவள் பிறகு யாரிடமும் மறைக்கவில்லை. நெருப்பைச் சுற்றிக்கொண்டு அவனிடம் போனாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மகள் செத்த நாளிலிருந்து இறுகிக் கிடந்த முகம் இளகியிருந்தது. பிள்ளையைத் தூளியில் தூங்கவைத்துவிட்டு வந்தவன் போல மெதுவாகப் பேசினான்.

"எறக்கிட்டேம்மே. வலிக்காத மாரி கொஞ்சங் கொஞ்சமாத்தான் வெட்டனேன். எறங்கிட்டா."

அவன் கை இரண்டும் முழங்கை வரை பலாப்பால் அப்பி, விரல் விரலோடு ஒட்டிக்கிடந்தது. தண்ணீரில் போகாது அது. பெரியம்மாள் வீட்டுக்குப் போய்க் கிண்ணத்தில் எண்ணெய் கொண்டுவந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எண்ணெய் தடவித் தேய்த்தாள். போலீஸ் காகிதத்தில் வைத்த கட்டைவிரல் கடைசியாக வந்தது. அதையும் தேய்த்தாள்.

"எறங்கிட்டாளா இல்லியா, நீ சொல்லுமே," என்றான் அவன்.

"எறங்கிட்டா," என்றாள் பெரியம்மாள்.