மூன்று குலவை

ஈச்சங்கண்மாயைச் சுற்றிப் போகிற பாதை பேயாண்டிக்குச் சைக்கிள் டயர் வழியாகவே மனப்பாடம். எங்கே வண்டிச் சக்கரம் பதிந்து பள்ளமாகியிருக்கிறது, எந்தத் திருப்பத்தில் முள் கொட்டிக் கிடக்கிறது, எங்கே மிதிக்காமல் விட்டாலே வண்டி தானாக உருளும் என்பதையெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வான். அவனுக்கு வேறு ஒரு வித்தையும் தெரியாது என்று அவன் பெண்டாட்டி முத்துத்தாய் கேலி பேசுவாள். அதுவும் வாஸ்தவம்தான்.

நாகமலை அடிவாரத்தில் இருந்தது அவன் ஊர், உசிலடி. ஊருக்கு முன்னால் கண்மாய். கண்மாய்க்கு அந்தப் பக்கம் மதுரைக்குப் போகிற ரோடு. ரோட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. வடக்கே கலுங்கைக் கடந்து கரைமேல் ஏறினால் கரை வழி. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்குக் கட்டின கல்தளம்தான் கலுங்கு. மற்ற நாட்களில் காய்ந்து கிடக்கும், அதன் மேலேயே சைக்கிளை விட்டுக்கொண்டு போய்விடலாம். தெற்கே, தண்ணீரை ஒட்டிக் கருவேலும் உசிலையும் ஈச்சம்புதரும் மண்டின காட்டுக்குள் நுழைந்தால் காட்டு வழி. தூரம் குறைவு, ஆனால் கல்லும் முள்ளுமாக உயிரை வாங்கும். கரை வழி சுற்று, ஆனால் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு வழியும் தெற்கு மடைப் பக்கம் ஒன்றாகச் சேர்ந்து ரோட்டைப் பிடிக்கும்.

அப்போது யுத்த காலம். அரிசி கிடைத்தாலும் கிடைக்கும், சைக்கிள் டயர் கிடைக்காது. பேயாண்டி ஆரப்பாளையத்துக் காப்பிக் கடைகளுக்குப் பால் கொண்டு போகிறவன். பிய்ந்த டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான். அதனால் போவதும் வருவதும் எப்போதும் கரை வழிதான். காட்டு வழியில் ஒரு முள் ஏறினால் பால் எல்லாம் தயிர்தான்.

அந்தச் சைக்கிளில் முத்துத்தாயை ஏற்றிக்கொண்டு முதல் முதலாக அவன் கரைமேல் போன அன்று ஊர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கட்டின பெண்டாட்டியைப் பால் கேனைப் போலப் பின்னால் வைத்துக்கொண்டு போகிறானே, கூச்சம் நாச்சம் இல்லையா என்று பெரிசுகள் எல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திருப்பிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். முத்துத்தாய் அவனுக்குச் சொந்த அத்தை ஒச்சாயியின் மகள். சின்ன வயதிலிருந்தே அவனை ஆட்டி வைத்தவள். ஊர்ப்பேச்சுக்கா பயப்படுவாள்?

பொழுது சாய்கிற நேரம் அவன் ஆரப்பாளையத்திலிருந்து திரும்பி வந்தால் வாசலிலேயே நிற்பாள்.

"மச்சான், ஒரு சுத்து."

"காலு வலிக்குதுடி."

"காலு வலிச்சா நீ பின்னால ஒக்காரு. நான் மிதிக்கிறேன்."

சொன்னதைச் செய்து தொலைப்பாள் என்று பயந்து அவனே மிதிப்பான். கலுங்கு வழியாகக் கரையேறி, மடை வரைக்கும் போய்த் திரும்புவார்கள். அவள் அவன் முதுகில் சாய்ந்துகொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வருவாள். மணியை அடிக்கச் சொல்லிக் கேட்பாள். ஆள் இல்லாத கரையில் யாருக்கு மணி அடிப்பது என்பான். "கொக்குக்கு அடி" என்பாள்.

வயிற்றில் பிள்ளை தங்கியதும் ஒச்சாயி சைக்கிள் சவாரியை நிறுத்திவிட்டாள். முத்துத்தாய் சமாதானம் ஆகவில்லை. "புள்ள பெறக்கட்டும். அப்பறம் மூணு பேரா சுத்துவோம். இப்பவே சேத்து வச்சுக்க, எம்புட்டுச் சுத்துப் பாக்கி இருக்குன்னு" என்று அவனிடம் சொல்லிவைத்தாள்.

அந்த ஐப்பசியில் மழை வெளுத்து வாங்கியது. கண்மாய் கலுங்குக்கு ஒரு சாண் தாழ வந்து நின்றது. மலையிலிருந்து ஓடைத்தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தாலும் கலுங்கில் வழிந்து மறுகால் பாய நாளைக்கு ஆகும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். முத்துத்தாய் அடுத்த தெருவில் தாய்வீட்டில் இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் கண்ட வலி, விடிந்தும் தீரவில்லை. ஊர் மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குப்பா. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். நர்ஸம்மாவக் கூட்டிட்டு வா. சீக்கிரமா வா."

நர்ஸம்மா என்றால் கனகலட்சுமி. நாகமலை புதுக்கோட்டையில் ரோட்டோரம் வீடெடுத்து இருந்தாள். மதுரைப் பட்டுநூல்கார வீட்டுப் பெண், படித்துப் பட்டம் வாங்கினவள். குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்தாள் என்று சுற்றுப்பட்டி ஊர்களில் எல்லாம் அவளுக்குப் பேர். பேயாண்டி உள்ளே எட்டிப் பார்த்தான். முத்துத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக் கிடந்தாள்.

"இந்தா, வாரேன்" என்றான்.

"மணியடிச்சுக்கிட்டே வா மச்சான். எனக்குக் கேக்கணும்" என்றாள் அவள்.

கலுங்கு கடந்து, கரை வழியில் பறந்தான். கனகலட்சுமி பையும் கையுமாக வேறொரு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அங்கேயும் ஒருத்திக்கு வலி கண்டிருந்தது, ஆனால் அவ்வளவு மோசம் இல்லை. பேயாண்டி சொன்னதைக் கேட்டதும் முகம் மாறி, சேலையை ஒதுக்கிக்கொண்டு அவன் சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தூறலில் குடையைப் பிடிக்கவா, பையைப் பிடிக்கவா என்று தடுமாறிக் கடைசியில் குடையை மடக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

மடைக்கு வந்தார்கள். இடது கைப்பக்கம் காட்டு வழி, வலது கைப்பக்கம் கரை வழி. பேயாண்டி வழக்கம்போல வலது பக்கம் திருப்பினான். அப்போதுதான் தண்ணீருக்கு மேலே அந்தச் சத்தம் மிதந்து வந்தது.

குலவை. பெண்கள் பலபேர் ஒன்றாகச் சேர்ந்து நாக்கைச் சுழற்றி எழுப்புகிற குலவை. ஒன்று. அவன் பிரேக்கைப் பிடித்தான். இரண்டு. காலை ஊன்றி நின்றான். மூன்று. அப்புறம் தவளைச் சத்தமும் மழைச் சத்தமும்தான்.

உசிலடியில் பெண் பிள்ளை பிறந்தால் ஒரு குலவை, ஆண் பிள்ளை என்றால் மூன்று. இந்தக் கணக்கை எந்த மகராசன் போட்டுவைத்தானோ, அவனைச் சொல்ல வேண்டும். கண்மாய் மறுகால் பாய்ந்தாலும் குலவை உண்டு. ஆனால் அதற்குக் கணக்கே கிடையாது. கலுங்கில் கிடாய் வெட்டி, தொண்டை கட்டுகிற வரைக்கும் பெண்கள் குலவையிட்டுக்கொண்டே இருப்பார்கள். அது மூன்றோடு நின்று பேயாண்டி பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள் கனகலட்சுமி.

பேயாண்டிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பெறந்துருச்சும்மா! எங்க ஊருக் கொலவை. மூணு! ஆம்பளப் புள்ள!"

"குறுக்கே கிடக்குதுன்னு சொன்னீங்களே?"

"சாமி திருப்பி விட்டுருச்சும்மா."

"நல்லாத் தெரியுமா? எதுக்கும் நான் வந்து ஒரு பார்வை பார்த்துடறேனே."

"எங்க ஊருக் கொலவை எனக்குத் தெரியாதாம்மா?" என்றான். நெஞ்சு நிறைந்துபோனால் மனிதனுக்குத் தாராளமும் வந்துவிடுகிறது. "அங்க ஒரு பொம்பள வலியில கெடக்குறதாச் சொன்னீகளே. பாவம், அவளுக்கும் நல்லபடியா ஆகட்டும். உங்கள அங்க கொண்டுபோய் விட்டுட்டு, சாயங்காலமா வந்து கூட்டிக்கிறேன்."

கனகலட்சுமி ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்தாள். அக்கரையில் மழை மூட்டத்தில் ஊரே தெரியவில்லை. குலவையின் கணக்கெல்லாம் அவள் கண்டாளா? பெற்ற தகப்பனே சொல்கிறான். சரி என்றாள்.

அவன் சைக்கிளைத் திருப்பினான். பாவி, திருப்பிவிட்டான்.

அவளை அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ரோட்டுக் கடையில் கருப்பட்டி மிட்டாய் ஒரு பொட்டலம் வாங்கினான். கடைக்காரனிடம் மகன் பிறந்திருப்பதாகச் சொன்னான். தெரியாத வண்டிக்காரன் ஒருவனை நிறுத்தி அவனிடமும் சொன்னான். நிதானமாகக் கரை வழியில் மிதித்தான். முத்துத்தாய் மணியடிக்கச் சொல்லியிருந்தாள் அல்லவா? மடையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தான். கொக்குக்கு அடித்தான், மீன்கொத்திக்கு அடித்தான், மகனுக்கு அடித்தான். பிள்ளைக்கு முன்னால் கம்பியில் சின்னதாக ஒரு ஆசனம் தைத்துப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். மூக்கு மட்டும் தன்னைப் போல இல்லாமல் அவளைப் போல இருந்தால் நல்லது என்றும் நினைத்தான்.

கடைசி வளைவு திரும்பியதும் இரைச்சல் கேட்டது. பிறகுதான் கண்ணில் பட்டது. கலுங்கு முழுவதும் வெள்ளை வெளேரென்று தண்ணீர் புரண்டு பாய்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஊர்ப் பெண்கள் நின்றார்கள். கல்லின் மேல் கிடாய் வெட்டின ரத்தம் மழையில் கரைந்து ஓடியது.

அப்போதும் அவனுக்கு உறைக்கவில்லை. ஒரே நாளில் இரண்டு சந்தோஷம் என்றுதான் நினைத்தான். பொட்டலத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு, பெண்களுக்கு முன்னால் நின்ற ராமக்காளைப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா! புள்ள யாரு சாடை?"

ராமக்காள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் காலியாக இருந்த கேரியரைப் பார்த்தாள்.

"நர்ஸம்மா எங்கடா?"

பேயாண்டியும் கேரியரைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏலே, நர்ஸம்மா எங்கடா? அங்க அவ உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடக்காளேடா!"

"கொலவை..." என்றான். தண்ணீர் இரைச்சலில் அவனுக்கே அவன் குரல் கேட்கவில்லை. "கொலவை போட்டீகளே... மூணு கொலவை..."

"கம்மாய்க்குப் போட்டதுடா! திடுதிப்புனு மறுகா பாஞ்சுருச்சு. அவ வலியில கெடக்கா, காதுக்கு எரைச்சலா இருக்கும்னு மூணோட நிப்பாட்டிட்டோம்."

மிட்டாய்ப் பொட்டலம் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் போனது. ஒச்சாயி வீட்டுக் கூரை அங்கிருந்து தெரிந்தது. கூப்பிடு தூரம். ஆனால் அவன் மட்டும் அங்கே போய் என்ன செய்ய? நர்ஸ் அல்லவா போக வேண்டும்? ராமக்காள் தலையில் அடித்துக்கொண்டு "போடா, போடா" என்று கத்தினாள். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனான். பெண்டாட்டி கிடக்கிற வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனான். மணி மட்டும் குலுங்கலில் தானாகவே அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் பொத்திக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டினான்.

கனகலட்சுமி போன வீட்டில் பிரசவம் சுகமாக முடிந்திருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டாள். இப்போது காட்டு வழி ஒன்றுதான் இருந்தது. டயரைப் பற்றின நினைப்பெல்லாம் எங்கே போயிற்றோ, கல் என்றும் முள் என்றும் பாராமல் விட்டான். பாதிக் காட்டில் முன்சக்கரம் வெடித்தது. வெறும் ரிம்மில் கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு சைக்கிளை ஈச்சம்புதரில் தள்ளிவிட்டு அவள் பையை வாங்கிக்கொண்டு ஓடினான். கனகலட்சுமியும் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு அவன் பின்னாலேயே ஓடி வந்தாள்.

ஒச்சாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவர்களைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை. அதைப் பார்த்ததுமே அவன் கால் நின்றுவிட்டது.

கனகலட்சுமி மட்டும் உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தாள். முள் கிழித்த பாதத்திலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"உடம்பு இன்னும் சுடுது. இப்பத்தான் போயிருக்கா" என்றாள். "பிள்ளையும் வயித்துலயே போயிடுச்சு." சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பேயாண்டி உள்ளே போய் முத்துத்தாயின் தலைமாட்டில் உட்கார்ந்தான். அவள் முகம் தெளிந்து கிடந்தது. வலியில் செத்தவள் முகம் போல இல்லை. உதட்டில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. அது அவனுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து அத்தையைப் பார்த்தான். ஒச்சாயி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெனவு தப்பித் தப்பிப் போச்சு அவளுக்கு" என்றாள். "கலுங்குல கொலவை போட்டாளுகள்ல, அப்பக் கண்ணு முழிச்சா. 'யாருக்கும்மா புள்ள பெறந்திருக்கு'ன்னு கேட்டா. நான் பெத்தவ, எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலப்பா. 'ஒனக்குத்தான்டி, ஆம்பளப் புள்ள'ன்னு சொல்லிட்டேன். சிரிச்சா."

வெளியே கலுங்கின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒச்சாயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு எடுத்தாள்.

"'மச்சான் காதுலயும் விழுந்திருக்குமாம்மா'ன்னு கேட்டா. விழுந்திருக்கும்டின்னேன். அதுதான் கடைசியாப் பேசுனது."

பேயாண்டி முத்துத்தாயின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"விழுந்துச்சு அத்தே" என்றான்.