முப்பதுக்கு இருபத்திரண்டு

“மூடறதுக்கு முன்னாடி உள்ள ஏதாச்சும் வைக்கணுமாம்மா?” பெட்டியருகே ஊதுவத்தியை மாற்றிக்கொண்டே கேட்டார் ஈமச்சடங்குக்காரர் செல்வராஜ்.

“ஒண்ணு இருக்கு அங்கிள். கடைசியா வைக்கிறேன்,” என்றாள் ரக்ஷனா.

அது அவள் கைப்பையில் இருந்தது. உயர்நிலை மூன்றில் எழுதிய கட்டுரை நோட்டு.

சிங்கப்பூரின் செங்காங்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நேற்றிலிருந்து அப்பா படுத்திருந்தார். நெற்றியில் விபூதி, கண்ணில் பல வருடப் பழைய வாசிப்புக் கண்ணாடி. வகுப்புக்குள் நுழைகையில் இருக்குமே, அதே முகம். செத்ததால் அதில் பெரிதாக எதுவும் குறைந்துவிடவில்லை.

அப்பா தனசேகரன் முப்பத்தோரு வருடம் தமிழாசிரியர். அம்மா இறந்த வருடம் ரக்ஷனா அவர் வகுப்பில்தான் இருந்தாள். பலகையில் தலைப்பை எழுதிவிட்டு அவர் சன்னலுக்குப் போய்விடுவார். மேம்பாலத்தில் ஒரு ரயில் போகும். அடுத்த ரயில் வரும். மூங்கில் கழியில் காயப்போட்டதால் விழுந்த மடிப்பு, சட்டை முதுகில் குறுக்கே ஓடும். மாணவர்களுக்கு அவர் முகத்தைவிட அந்த மடிப்புதான் பழக்கம்.

ஒருநாள் ‘நான் கண்ட விபத்து’ என்று தலைப்பு. மூன்றாம் பத்தியில் விபத்தை நிறுத்திவிட்டு அவள் எழுதினாள்: ‘அப்பா, நீங்கள் வர நேரமாகும் நாள்களில் நம் பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரச் சுவரில் ஏறி உட்கார்கிறேன். குதித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.’ வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

நோட்டு திரும்பி வந்தது. அந்தப் பத்தியின் மேல் சிவப்பில் நீளமாக ஒரு ‘சரி’க் குறி. கீழே, முப்பதுக்கு இருபத்திரண்டு. நன்று.

அன்று சாயங்காலம் அப்பா தொலைக்காட்சியிலிருந்து தலையைத் திருப்பி, “சாப்ட்டியா?” என்றார். அம்மா போனபின் முதல்முறை. படித்துவிட்டார், சொல்லத் தெரியாமல் இப்படிக் கேட்கிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சுவரேறுவதை விட்டாள். பதினான்கு வருடமாக அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பதினொரு மணிக்கு முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். வேறு மாணவர்கள் யாரும் வரவில்லை. சுரேந்தர், ரோஷினி என்று பெயர் சொன்னார்கள். ரக்ஷனா பாக்கெட் பானமும் வேர்க்கடலையும் கொண்டுவந்து வைத்தாள்.

“கிளாஸ்ல அப்பா எப்படி இருப்பாரு?”

“நல்லவரு லா. திட்டவே மாட்டாரு,” என்றாள் ரோஷினி.

“திரும்புனாத்தான திட்டறதுக்கு?” என்றான் சுரேந்தர்.

ரோஷினி அவனை இடித்தாள்.

“பரவால்ல, சொல்லுங்க,” என்றாள் ரக்ஷனா.

“சார் எதையும் படிக்க மாட்டாரு சிஸ். நான் ஒருவாட்டி கட்டுரை நடுவுல நாசி லெமாக் சோறு எப்படி செய்யறதுன்னு எழுதிக் குடுத்தேன். சம்பல், நெத்திலி எல்லாம் போட்டு. பெரிய டிக். முப்பதுக்கு இருபத்திரண்டு!”

“எனக்கும் இருபத்திரண்டுதான்,” என்றாள் ரோஷினி. “மொத்த கிளாஸுக்கும் அதே மார்க். அதனால யாரும் சண்டை போட்டுக்கல.”

அவர்கள் சிரித்தார்கள். ரக்ஷனாவும் சிரித்தாள். அப்புறம் கடலைத் தோலை ஒவ்வொன்றாக மேசையிலிருந்து பொறுக்க ஆரம்பித்தாள். எல்லாம் தீர்ந்த பிறகும் அவள் விரல்கள் மேசையைத் தடவிக்கொண்டிருந்தன.

“நேரமாச்சும்மா,” என்றார் செல்வராஜ்.

அவள் பெட்டியருகே போனாள். நோட்டை எடுத்தாள். அதை அவர் கைக்கடியில் மூடிவைப்பதாகத்தான் இருந்தாள். இப்போது மூன்றாம் பத்தி இருந்த பக்கத்தை விரித்து, எழுத்து அவர் முகத்தைப் பார்க்கும்படி மார்பில் சாய்த்து வைத்தாள். நோட்டு சரிந்தது. மறுபடி நிமிர்த்தினாள்.

“கண்ணாடிய எடுத்துரலாம்மா. எரிக்கறப்ப இருக்கக் கூடாது.”

செல்வராஜ் அதைப் பதமாகக் கழற்றினார். சட்டை நுனியில் துடைத்து, மடக்கி, அவள் கையில் கொடுத்தார்.

வில்லைகளில் ஒரு கீறல்கூட இல்லை.